அஞ்சு ஓம் பெட்டி

பேனாவை மூடுங்க சார். கையெழுத்தெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். மார்க் லிஸ்ட் எங்கயும் ஓடிப்போயிடாது. உக்காருங்க. பிசிக்ஸ் மேடமா? மேடம் கவருக்கு வெக்கிற அரக்கு எடுத்துட்டு வர ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்காங்க. இப்போதைக்கு வரமாட்டாங்க. அரக்கு இருக்கற பீரோ சாவி இதோ, என் இடுப்புல இருக்கு. தேடட்டும். நல்லாத் தேடட்டும்.

நான் யாருன்னா கேக்கறீங்க? நல்லா இருக்கு சார். ரெண்டு நாளா பிராக்டிகல் பரீட்சைக்கு வந்த உங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வெச்சது யாருன்னு நெனச்சீங்க? லேப் அட்டெண்டர். இருபத்திரெண்டு வருஷமா இந்த பிசிக்ஸ் லேப்லதான். பிள்ளைங்க ஷாக் அக்கான்னு கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. கோவம் வேற விஷயத்துக்கு.

அந்த லிஸ்ட்ல கீழேர்ந்து மூணாவது நம்பரைப் பாருங்க. இருபதுக்கு என்ன போட்டிருக்கீங்க? மூணு. பிராக்டிகல்ல பத்து வாங்கலேன்னா பாஸ் இல்ல, தெரியும்ல? தியரியில முழு மார்க் வாங்கினாலும் ஒரு வருஷம் வீட்ல உக்காரணும். அந்தப் பொண்ணு எலக்ட்ரிக்கல் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறவ. நீங்க நேத்து டீயில பிஸ்கட்டை முக்கிக்கிட்டே போட்டீங்களே ஒரு மூணு, அதுக்கு விலை ஒரு வருஷம்.

தப்பா எழுதியிருக்காளா? என்ன தப்பு? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன். அஞ்சு ஓம் வரணும், எட்டு, ஏழு புள்ளி ஒன்பது, எட்டுன்னு எழுதியிருக்கா. சரி. அஞ்சுதான் வரணும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? மேடம் குடுத்த விடைச் சீட்டுல இருக்கு. அப்புறம்? தடைப் பெட்டி மேலயே அஞ்சுன்னு போட்டிருக்கு. ஓஹோ. பெட்டி மேல போட்டிருந்தா சரியாப் போச்சா?

எந்திரிங்க சார். இல்ல, வெளியே போகச் சொல்லல, இந்த மேஜைக்கு வாங்க. ரெண்டு நாளும் நீங்க இந்தப் பக்கமே வரல. பதினோரு பிள்ளைங்க இந்த மேஜையில நின்னு இதே சோதனையைப் பண்ணிட்டுப் போனாங்க, நீங்க அந்த நாற்காலியை விட்டு அசையல. பேப்பர் வரும், சீட்டைப் பார்ப்பீங்க, டிக் போடுவீங்க. காய்கறி வாங்கினாக்கூட கையில எடுத்து அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாங்க.

வாங்க. எதையும் நான் கலைக்கல. இது சப்ளை. இது வோல்ட் காட்டற மீட்டர், இது ஆம்ப் காட்டற மீட்டர், நடுவுல இந்தப் பெட்டிதான் நம்ம கதாநாயகன். நீங்களே சுவிட்சைப் போடுங்க. என் கை படவே வேண்டாம், அப்புறம் இவ ஏதோ பண்ணிட்டான்னு சொல்லுவீங்க. இப்ப ரியோஸ்டாட்டோட குமிழை மெதுவா நகத்துங்க, வோல்ட் ரெண்டுல வந்து நிக்கற வரைக்கும். ம்... இன்னும் கொஞ்சம். போதும். இப்ப ஆம்ப் மீட்டர் ஊசி எங்க நிக்குது? குனிஞ்சு பாருங்க சார், வெக்கப்படாதீங்க. நேரா மேலேர்ந்து பாருங்க, சாஞ்சு பார்த்தா தப்பாத் தெரியும்.

கால். புள்ளி ரெண்டு அஞ்சு. இப்ப வோல்ட்டை ஆம்ப்பால வகுங்க. ரெண்டு வகுத்தல் புள்ளி ரெண்டு அஞ்சு. எதுக்கு போனை எடுக்கறீங்க? எட்டு சார். எட்டு ஓம். நான் பத்தாவதோட நின்னவ, ஆனா இருபத்திரெண்டு வருஷமா இந்த மேஜையைத் துடைச்சுக்கிட்டே பாடம் கேட்டிருக்கேன். வோல்ட்டை ஆம்ப்பால வகுத்தா தடை. வோல்ட்டை ஆம்ப்பால பெருக்கினா பவர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ரெண்டு இன்டு கால், அரை வாட். அவ பேப்பர்ல அரை வாட்னு இருக்கா? இருக்கு. அதுமேல சிவப்புல ஒரு வட்டம் போட்டிருக்கீங்களே, அது எதுக்கு? சும்மா அழகுக்கா?

இப்ப மூணு வோல்ட்டுக்குக் கொண்டு போங்க. எங்க நிக்குது? ஆங், கோட்டுல சரியா நிக்கலேல்ல? புள்ளி மூணு எட்டு மாதிரியும் இருக்கு, கொஞ்சம் கம்மி மாதிரியும் இருக்கு. அவ புள்ளி மூணு எட்டுன்னு எழுதினா. மூணை அதால வகுத்தா ஏழு புள்ளி எட்டு சொச்சம் வருது, ஏழு புள்ளி ஒன்பதுன்னு போட்டா. பாருங்க சார், இந்த ஏழு புள்ளி ஒன்பது ஒண்ணு போதும். பொய் எழுதறவ எட்டு, எட்டு, எட்டுன்னு வரிசையா எழுதியிருப்பா. கண்ணால பார்த்து எழுதினாத்தான் இப்படி ஒரு கோணல் வரும்.

மீட்டர் கெட்டுப்போயிருக்கும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியும், இங்கதான் வருவீங்கன்னு. இந்தாங்க, பக்கத்து மேஜை மீட்டர். இதை மாட்டறேன். வோல்ட்டை மறுபடி ரெண்டுக்கே கொண்டு வாங்க. ம். இப்ப பாருங்க. அதே கால். இன்னொண்ணு இருக்கு, அதையும் மாட்டணுமா? வேண்டாம்ல? மூணு மீட்டரும் ஒண்ணாச் சேந்து பேசி வெச்சுக்கிட்டா பொய் சொல்லும்?

இப்ப மத்த பத்து பேப்பரை எடுங்க. எடுங்க சார், கட்டைப் பிரிச்சா மறுபடி நானே கட்டித் தர்றேன். முதல் பேப்பர்: ரெண்டு வோல்ட்டுக்குப் புள்ளி நாலு, மூணுக்குப் புள்ளி ஆறு, நாலுக்குப் புள்ளி எட்டு. அடுத்தது? ரெண்டுக்குப் புள்ளி நாலு, மூணுக்குப் புள்ளி ஆறு. அடுத்தது? அதேதான். பத்து பேருக்கும் அதே. எல்லாருக்கும் அஞ்சு, அஞ்சு, அஞ்சு. காப்பி அடிச்சிருந்தாக்கூட ஒருத்தனாவது தப்பா அடிச்சிருப்பான் சார்! இப்பதான் நீங்களே ரெண்டு வோல்ட் வெச்சுப் பார்த்தீங்க. ஊசி புள்ளி நாலு பக்கம் எட்டியாவது பார்த்துச்சா? அப்புறம் எப்படிப் பத்து பேர் புள்ளி நாலுன்னு எழுதினாங்க? ஊசியைப் பார்க்காம எழுதினாங்க. அவங்களுக்கு இருபதுக்கு இருபது. ஊசியைப் பார்த்து எழுதினவளுக்கு மூணு. நல்ல நியாயம். ரொம்ப நல்ல நியாயம்.

இல்ல சார், பிள்ளைங்களைத் திட்டாதீங்க. அவங்க என்ன பண்ணுவாங்க? அஞ்சுன்னு எழுதச் சொன்னா அஞ்சுன்னு எழுதறாங்க. யாரு சொன்னாங்கன்னா... இருங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியைத் திறந்து காட்டறேன். இந்த நாலு ஸ்க்ரூவும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. சுவிட்சை அணைச்சுட்டீங்களா? சரி. இதோ. உள்ள என்ன தெரியுது? கட்டையில சுத்தின கம்பி. நல்லா நெருக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சுத்தியிருக்குல்ல? நாப்பத்திரெண்டு சுத்து. எண்ண வேண்டாம், எனக்குத் தெரியும். நான்தான் சுத்தினேன்.

ஆமா சார். கம்பெனிக்காரன் சுத்தல. நான் சுத்தினது.

ஆறு வருஷம் முன்னாடி. மேடம் வகுப்புக்கு டெமோ காட்டறேன்னு சப்ளையைப் பன்னெண்டு வோல்ட்ல வெச்சுட்டாங்க, ரியோஸ்டாட்கூட மாட்டல. அப்ப பார்த்து போன் வந்துச்சு, பேசிக்கிட்டே வராண்டாவுக்குப் போயிட்டாங்க. கணக்குப் போடுங்க சார், இது உங்க தொழில்தானே. பன்னெண்டை அஞ்சால வகுத்தா ரெண்டு புள்ளி நாலு ஆம்ப். அதைப் பன்னெண்டால பெருக்கினா இருபத்தெட்டு, இருபத்தொன்பது வாட். இந்தச் சின்னப் பெட்டி அஞ்சு வாட் தாங்கினாலே பெரிசு. என்ன ஆகும்? வார்னிஷ் கருகி, புகை வந்து, பிள்ளைங்க எல்லாம் ஓன்னு கத்தி... நான்தான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினேன். கம்பி அறுந்து தொங்குது.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். மேடம் முகத்துல ஈ ஆடல. எப்படியாவது சரி பண்ணு, வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாதுன்னாங்க. அப்ப நான் பதினாறு வருஷமாத் தினக்கூலி. அந்த மாசம்தான் என்னைப் பர்மனென்ட் ஆக்கற ஃபைல் அவங்க மேஜைக்கு வந்திருந்துச்சு. அதை அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பேருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணேன், கருகின கம்பியைப் பிரிச்சு ஒவ்வொரு சுத்தா எண்ணினேன். நாப்பத்திரெண்டு. ரெண்டு தடவை எண்ணினேன், நம்ம வேலை சுத்தமா இருக்கணும் பாருங்க. அப்புறம் ஸ்டோர் ரூம்ல கிடந்த உடைஞ்ச ஹீட்டர்லேர்ந்து கம்பி எடுத்து, அதே கட்டையில, அதே நாப்பத்திரெண்டு சுத்து. ஒரு சுத்து கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதே பெட்டி, அதே மூடி, மூடி மேல அதே அஞ்சு. எனக்கு அவ்வளவு பெருமை சார் அன்னிக்கு! படிச்சவங்க எரிச்சதை நான் சுத்திக் குடுத்துட்டேன்னு. சுத்து ஒண்ணா இருந்தா தடையும் ஒண்ணாத்தானே இருக்கணும்? அப்படித்தான் நெனச்சேன். பழைய கம்பியை விட இது மெலிசு, இது வேற உலோகம், அதையெல்லாம் யாரு யோசிச்சா? அகலக் கதவுல போற கூட்டமும் ஒத்தக் கதவுல போற கூட்டமும் ஒண்ணா? கதவை எண்ணினேன், அகலத்தைப் பார்க்கல. முட்டாள்.

இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. வந்தவரும் உங்களை மாதிரிதான், மூடியை மட்டும் பார்த்துட்டுப் போனார். அடுத்த வாரம் பிள்ளைங்க ரீடிங் எடுக்கறப்பதான் எட்டு எட்டுன்னு வருது. நான் பதறிப்போய் மேடம்கிட்ட ஓடினேன். புதுசா ஒண்ணு வாங்கிடலாம் மேடம்னேன். வாங்கணும்னா பழசு என்ன ஆச்சுன்னு எழுதிக் குடுக்கணுமே, என்னன்னு எழுதறதுன்னு கேட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சு, பரவாயில்ல விடு, அஞ்சு வர்ற மாதிரி நான் மாடல் ரீடிங் எழுதிப் போட்டுடறேன், பரீட்சை அன்னிக்கு யாராவது முழிச்சா நீ போய்க் காதுல சொல்லிடுன்னாங்க.

சொன்னேன் சார். அதைத்தான் கேட்டீங்க, யாரு சொன்னாங்கன்னு. நான்தான். ஆறு வருஷமா. ஸ்க்ரூ முடுக்கற மாதிரி குனிஞ்சு, அஞ்சு வரணும்மா, புள்ளி நாலு, புள்ளி ஆறு, புள்ளி எட்டுன்னு. பிள்ளைங்களுக்கு நான் தெய்வம்! ஷாக் அக்கா இருந்தா பயமே இல்லன்னு எனக்கு சாக்லேட் எல்லாம் குடுத்திருக்காங்க. வாங்கித் தின்னுருக்கேன்.

என்னை அப்படிப் பார்க்காதீங்க. பார்க்கணும்னா உங்களையும் சேத்துப் பாருங்க. ஆறு வருஷத்துல ஆறு எக்ஸ்டர்னல். எல்லாரும் படிச்சவங்க, எல்லாரும் வெளி ஸ்கூல்லேர்ந்து இதுக்குன்னே வந்தவங்க. ஒருத்தராவது இந்த ஊசியைக் குனிஞ்சு பார்த்திருந்தா அன்னிக்கே நான் மாட்டியிருப்பேன். மாட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார். மேடம் எரிச்சாங்க, நான் மூடினேன், நீங்க எல்லாரும் டிக் போட்டீங்க. இதுல யாரு யாரை மொறைக்கறது?

நேத்தும் அதேதான். அந்தப் பொண்ணுகிட்டயும் போனேன். குனிஞ்சேன். அஞ்சுன்னேன். காதுல விழாத மாதிரி இருந்தா. மறுபடி சொன்னேன், அஞ்சு, புள்ளி நாலு போடுன்னு. அவ நிமிரக்கூட இல்ல. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, நேரா மேலேர்ந்து ஊசியைப் பார்த்து, கால்னு எழுதினா. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! அங்கேயே ரெண்டு போடலாம்னு இருந்துச்சு. நீ ஒருத்திதான் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா? எல்லாரும் எழுதறதை எழுதித் தொலைச்சா உனக்கு என்ன குறைஞ்சு போகுது? கையைப் பிடிச்சு இழுத்தேன் சார், உண்மையிலயே இழுத்தேன். பேனா கோணிக்கிச்சு. பாருங்க, பேப்பர்ல ஒரு கோடு நீளமா போயிருக்கும். அதுக்கும் ஒரு மார்க் கழிச்சிருப்பீங்க, சுத்தமா இல்லன்னு.

உரிமையா இழுத்தேன்னா... ஆமா, உரிமைதான். என் பொண்ணு சார்.

இப்ப புரிஞ்சுச்சா, சரி. அதானே பார்த்தேன்னு நீங்க தலையாட்டறது தெரியுது. ஆட்டுங்க. இவ பொண்ணுக்கு மார்க் வாங்க வந்திருக்கான்னு நெனைக்கறீங்க. ஆமா, அதுக்குத்தான் வந்திருக்கேன். வேற எதுக்கு? ஆறு வருஷமா இல்லாத ஞானம் இன்னிக்குத் திடீர்னு எங்கேர்ந்து வரும்? நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அழுதுக்கிட்டு இருப்பா, சமாதானம் பண்ணலாம்னு போனேன். அழல. புத்தகத்தை எல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. அம்மா, என் காதுல சொன்னதை எல்லார் காதுலயும் சொல்லியிருக்கியான்னு. நான் சோறு வடிக்கணும்னு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. இன்னிக்குக் காலையிலயும் பேசல. திட்டினாக்கூடப் பரவாயில்ல சார், தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டா.

அதான் வந்தேன். பெட்டி இங்கயே இருக்கட்டும், மூடியைப் போடாதீங்க. நீங்க பார்த்ததை உங்க கையால எழுதுங்க. பெட்டியில இருக்கறது எட்டு ஓம், சுத்தினது லேப் அட்டெண்டர், தேதியோட எழுதுங்க. என் வேலை போகும், தெரியும். மேடம் என்னைத்தான் கை காட்டுவாங்க, அதுவும் தெரியும். எழுதுங்க.

இருங்க, அவசரப்படாதீங்க. அவ நம்பரை அப்புறம் எழுதலாம். முதல்ல இந்தத் துண்டுச் சீட்டுல இருக்கற நம்பரை எழுதுங்க. இல்ல சார், இது இந்த வருஷ லிஸ்ட்ல இருக்காது. மூணு வருஷம் முன்னாடி எழுதினவ. பழைய ரெஜிஸ்டர்லேர்ந்து காலையில எடுத்தேன்.

ரொம்பத் தடிமனாக் கண்ணாடி போட்டிருப்பா, சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்க. அன்னிக்கு நான் போய்ச் சொல்றதுக்குள்ள எழுதி முடிச்சுட்டா. எட்டுன்னு. மேடம் பேப்பரைப் பார்த்துட்டு எல்லார் முன்னாடியும், ஊசி எங்க நிக்குதுன்னுகூடத் தெரியல, உனக்கு எதுக்கு சயின்ஸுன்னு கேட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க. அவ மூக்கை மீட்டர்ல ஒட்டி வெச்சு மறுபடி பார்த்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, அக்கா, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கக்கான்னா. பார்த்தேன் சார். கால்லதான் நின்னுச்சு. புள்ளி நாலும்மா, உனக்குத்தான் சரியாத் தெரியலன்னு சொன்னேன்.

எழுதின எட்டோடயே பேப்பர் போச்சு, ஃபெயில் ஆகிட்டா. மறுபடி எழுத வரல. இப்ப துணிக்கடையில மடிச்சு வெக்கற வேலை. வழியில பார்த்தா நிக்க வெச்சு நல்லா இருக்கீங்களாக்கான்னு கேப்பா. போன வாரம் பஸ் ஸ்டாப்ல நிக்கறோம், தூரத்துல பஸ் வருது. அது என்ன நம்பர்க்கா, நான் பார்த்தா தப்பாப் பார்ப்பேன்னு சிரிக்கறா. அவளுக்குத் தெரியும் சார் அந்த நம்பர். கண்ணாடி போட்டா அவளுக்கு எல்லாம் நல்லாவே தெரியும். அவ கண்ணை அவதான் நம்பறதில்ல.

என்ன கேட்டீங்க? அன்னிக்கே ஏன் வாயைத் திறக்கலன்னா? இதுல என்ன சார் கேக்கறதுக்கு இருக்கு. அவ என் பொண்ணு இல்லையே.